மாயேன் கரையில் உனக்குச் சொன்ன பொய்

தம்பி,

இதை நீ வாசிக்கப்போவதில்லை, கேட்கப்போகிறாய். உன் போன் வாசித்துக் காட்டும். அதற்குள் இருக்கிற பெண் சென்னைக்காரி போலத் தமிழ் பேசுவாள். நம் வீட்டுச் சொற்களை யாரோ அந்நியரின் பெயர்களைப் போல உச்சரிப்பாள். உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மிச்சத்தையும் கேள். வருகிற சனிக்கிழமை நீ மறுபடியும் பிரான்சுக்குப் போகிறாய். இந்தமுறை இரண்டு மாதம். இரட்டைச் சைக்கிளின் முன் இருக்கையில் உன் தோழி இருப்பாள், நான் இல்லை. "அம்மா, நீங்கள் இந்தமுறை மினக்கெடத் தேவையில்லை" என்று மரியாதையாகத்தான் சொன்னாய். ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். போன மே மாதம் மாயேன் ஆற்றங்கரையில், என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பொய் சொன்னேன். பொய் என்று உனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நீ போவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை உன் அறை வாசல்வரை வந்தேன். மூன்று முறையும் "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எல்லோரும் வாசிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நாங்கள் மறைத்தது சனத்துக்குப் பயந்து. அதனால் சொல்வதும் சனத்துக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். உன் கண்ணைப் பற்றி நீயே இப்போது யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை. இனி வெளியே வர இருப்பது என்னுடையது மட்டும்தான். உன் அக்காவிடமும் அவள் புருசன் அத்தானிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் அப்பா "எழுதும்" என்று ஒரு சொல் சொன்னார். உன்னை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம்: உனக்கு இருபத்தைந்து வயது. உன் விழித்திரை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சாகிறது. முதலில் இருட்டில் தெரியாமல் போனது, பிறகு பக்கங்கள் போயின. இப்போது ஒரு வளையலை முகத்துக்கு முன்னால் பிடித்து அதற்குள்ளால் பார்ப்பது போல உலகம் உனக்குத் தெரிகிறது. அந்த வளையலும் வருடா வருடம் சிறுக்கிறது. மருந்து இல்லை.

நான் எப்படி உனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பார்வை குறைந்தவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடுகிற அந்தச் சைக்கிள் கழகத்தை நீயேதான் தேடிக் கண்டுபிடித்தாய். வருடத்துக்கு ஒருமுறை ஐந்து சோடிகளை வான் வண்டியில் ஏற்றி, கார் வராத ஆற்றுப் பாதைகளுக்குப் பிரான்சுக்குக் கொண்டுபோவார்கள். உனக்கு முன்னால் ஓடவிருந்த ஆளுக்குப் பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீ சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் வருகிறேன் என்றேன். அப்பா சோபாவிலிருந்து எழும்பிவிட்டார்.

"உமக்கென்ன விசரே? நாப்பத்தொன்பது வயசிலை சைக்கிள் ஓடப் பிரான்சுக்குப் போறீரோ?"

"அப்ப நீங்கள் போங்கோ."

"எனக்கு முழங்கால் ஏலாது."

"அந்த முழங்கால் டபிள் ஷிப்டுக்கு மட்டும் ஏலுமோ?"

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஓடியிருப்பேன். ஆனால் ஒன்று, பின்னால் ஆளை வைத்து மிதிப்பது எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத வருடங்களில் காய்ச்சல்காரரை ஏற்றினோம், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினோம், ஒருமுறை ஒரு கதவை ஏற்றினேன். அதையெல்லாம் அழகான காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேறு வழியில்லாமல் ஓடினோம். கழகத்தின் பயிற்சியாளர் கிரஹாம், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பூங்காவின் வட்டப் பாதையில் என்னை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: முன்னால் இருப்பவருக்கு ஒரே ஒரு வேலை, கண்ணில் பட்டது எல்லாம் வாயால் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். தலையாட்டினேன். அது எனக்கு எவ்வளவு பழக்கமில்லாத வேலை என்று அவருக்குத் தெரியாது.

மாயேன் என்ற சின்ன ஊரில் ஏறி, லவால் வழியாக, ஆறு போகிற போக்கிலே தெற்கே போனோம். முன்பு குதிரைகள் படகுகளைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு நடந்த பாதை அது. இப்போது நொறுக்கிய கல் போட்டு மட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் மாடுகள். நாலு நாட்களில் நான் கண்ட மோட்டார் வாகனம் ஒரே ஒரு புல் வெட்டும் இயந்திரம். முதல் நாள் நான் எல்லாவற்றையும் கத்தினேன். குழி, வளைவு, கல், இன்னொரு கல், கிளை, நாய், நாயின் சொந்தக்காரர். "அம்மா, எல்லாக் கல்லுக்கும் அனவுன்ஸ்மென்ட் வேண்டாம்" என்றாய். "சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி பொன்ஜூர் எண்டு அந்த மனுசனுக்கும் கத்தினீங்கள், பாவம் பயந்திட்டார்." மத்தியானம் ஒரு மதகுக் கரையில் உட்கார்ந்து, உறைப்பும் மொறுமொறுப்புமான பருத்தித்துறை வடைப் பொட்டலத்தைப் பிரித்தோம். கிரஹாம் ஒன்றைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இது உணவா ஆயுதமா என்று கேட்டார். அதற்குப் பிறகு இன்னும் ஆறு வடை தின்றார்.

படகுகளை ஏற்றி இறக்குகிற அந்த மதகுகள் கொஞ்சத் தூரத்துக்கு ஒன்றாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தண்ணீர் விழுகிற அணை. இரண்டாம் நாள் நீ பின்னாலிருந்து சொல்லத் தொடங்கினாய்.

"அம்மா, முன்னாலை தண்ணி விழுது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"வரும். பொறுங்கோ."

வளைவு திரும்பியதும் வந்தது. அதற்குப் பிறகு நீ சொல்ல நான் நம்பி ஓடினேன். அன்று எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை தம்பி, கோபம். இந்த இடத்தில் உன்னால் எல்லாம் ஏலுகிறது. மணிக்கணக்காக நெஞ்சு நிமிர்த்தி, வேகமாக, யாரும் உன்னை இடிக்காமல், யாரிடமும் சாரி சொல்லாமல் போகிறாய். லண்டனில், பார்க்கிங் என்கிற நம் பகுதியில், நம் வாசலில் இருந்து ஸ்டேசன்வரை உன்னால் அப்படிப் போக முடியாது. நடைபாதையில் கார் ஏறி நிற்கும். வாடகை ஸ்கூட்டர் குறுக்கே விழுந்து கிடக்கும். குப்பைத் தொட்டி நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. கவுன்சிலுக்கு எழுதினால் நன்றி சொல்லிப் பதில் வரும், தொட்டி அங்கேயே நிற்கும். பயமில்லாமல் நடப்பதென்பது லீவு போட்டு, கடல் கடந்து போய் அனுபவிக்கிற பொருளாகிவிட்டது. போக முடிந்தவன் நாலு நாள் அனுபவித்துவிட்டு வருகிறான். போக முடியாதவன் அதே நடைபாதையில் இடிபடுகிறான். அந்த ஆற்றங்கரை மக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள் பாதையை அவர்கள் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். நம் பாதையை ஏன் ஒருவரும் வைத்திருக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

மூன்றாம் நாள் காலை ஒரு மதகில் நின்றோம். எதிர்க் கரையில் சாம்பல் நிறக் கொக்கு ஒன்று. நான் கை காட்டினேன். பிறகு புத்தி வந்து, மரத்துக்கு வலப்பக்கம், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னேன். நீ தலையை மெல்ல மெல்லத் திருப்பி, அந்த வளையலுக்குள் ஆற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டு போனாய். நீ அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் கொக்கு எழும்பிப் போய்விட்டது. நீ அந்த வெறும் கரையைப் பார்த்துவிட்டு, "ஓம் அம்மா, கண்டனான். வடிவா இருக்கு" என்றாய். என் மனம் நோகக் கூடாது என்று, ஒரு நொடியும் யோசிக்காமல், அவ்வளவு சரளமாகச் சொன்னாய். இந்தப் பிள்ளை இதை யாரிடம் பழகினான் என்று எனக்குத் தெரியும்.

ஏறி மிதிக்கத் தொடங்கிக் கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டாய்.

"அம்மா, நீங்கள் எப்ப அறிஞ்சனீங்கள்?"

"எதை?"

"என்ரை கண்."

"நீ சொல்லேக்கைதான். உன்ரை பதினாறு வயசிலை."

இரட்டைச் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மிதிப்பதை விட்டால் முன்னால் இருப்பவரின் காலுக்குத் தெரிந்துவிடும். மிதிகட்டைகள் ஒரே சங்கிலியில் சேர்ந்து சுற்றுவதால் உன் கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் பலம் இல்லை. உன் பாரம் முழுக்க என் முழங்காலில் வந்து இருந்தது. எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியாது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மிதிக்கத் தொடங்கினாய். அன்று பின்னேரம்வரை நான் மட்டும் குழி, வளைவு, இரும்புக் கேற் என்று சொல்லிக்கொண்டே போனேன். உன் மருத்துவப் பதிவுகளையெல்லாம் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நீ கேட்டு எடுத்துவிட்டாய் என்று அக்கா எனக்குப் பிறகுதான் சொன்னாள். அப்படியென்றால் உனக்கு விடை தெரியும். விடைக்காக நீ கேட்கவில்லை. எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்தாய். நான் அதை ஆற்றில் போட்டேன்.

உனக்கு ஒன்பது வயது, தம்பி. அதுதான் பதில். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்தவர் உள்ளே ஏதோ புள்ளிகள் இருக்கின்றன என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர். நல்ல பிள்ளை, பெயர்கூடச் சரியாக உச்சரித்தார். இருட்டில் தடுக்கி விழுகிறாரா, குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்து, நீங்களும் உங்கள் கணவரும் இரத்த உறவா என்று கேட்டார். நான் "நோ" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உன் பதிவில் அந்த வரி இருக்கும். பெற்றோர் உறவினர் அல்லர். அப்பா என் சொந்த மச்சான் என்பது உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அப்பாவின் தாய்க்கு என் அப்பா கூடப்பிறந்த தம்பி. அந்த வரியை நீ வாசித்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினாறு வருடமாக யோசிக்கிறேன். ஒரு காரணம் பழக்கம். கொழும்பில் எம்பசி, இங்கே ஹோம் ஒபிஸ், வேலைக்கு எடுத்த ஏஜென்சி என்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்பவர்களுக்கு எவ்வளவு குறைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்றே நான் வாழ்ந்திருந்தேன். இன்னொரு காரணம் வெட்கம். அப்போது நான் துப்புரவு செய்த கட்டடத்தில், சொந்தத்துக்குள் கட்டிய ஒரு குடும்பத்தைப் பற்றி இரண்டு பேர் கோப்பி குடித்துக்கொண்டே சிரித்ததை, அவர்கள் காலடியைத் துடைத்தபடி கேட்டிருக்கிறேன். மிருகங்கள்கூட அப்படிச் செய்யாது என்றார்கள். நானா இந்தக் கலியாணத்தைத் தேடிப் போனேன்? இருபத்தொரு வயதில், லண்டனில் விசா உள்ள மச்சான் இருக்கிறார், சண்டைக்குள் இருந்து ஒருத்தியாவது வெளியே போகட்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டார்கள்தான். இல்லை என்று சொல்ல இடம் வைத்துக் கேட்கவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கதையை அந்த டொக்டரின் மேசையில் கொட்ட எனக்கு வரவில்லை. கொட்டத் தேவையும் இருக்கவில்லை. "யெஸ்" என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லவில்லை.

பார்வை மெல்ல மெல்லப் போகிற பரம்பரை நோயாக இருக்கலாம் என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், இரத்தம் எடுக்க. நான் போகவில்லை. இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் மரக்கறித் தோலுக்கு அடியில் போட்டுக் குப்பையில் கட்டினேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் என் மாமிக்கு, அப்பாவின் தாய்க்கு, போகும், மாமி என் பக்கத்து இரத்தம் என்பா, என் அம்மா உன் அப்பாவின் பக்கத்து இரத்தம் என்பா. இரண்டும் ஒரே இரத்தம் என்பது ஒருவருக்கும் நினைவு வராது. மனோர் பார்க் கோயிலில் முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினேன். கண்ணுக்கு நல்லதென்று வாரம் மூன்று நாள் பொன்னாங்காணிக் கீரை வறை வைத்தேன். நீ முகம் சுளிப்பாய், நான் வாயில் திணிப்பேன். இவ்வளவும் செய்தேன், செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர.

இது பதிவில் இருக்காது, ஆகவே கவனமாகக் கேள். மாரிகாலத்தில் நாலு மணிக்கே இருட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பக்கத்து வீட்டுத் தொட்டியில் மோதுவாய், பஸ் படியில் தவறுவாய், சப்பாத்தைக் கால் மாற்றிப் போடுவாய். அப்பா, "கண் என்ன பிடரியிலையே கிடக்குது?" என்று ஏசுவார். உனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் ஒருவரின் மடியில் ஊற்றிவிட்டாய். எல்லோருக்கும் முன்னால் அப்பா உன் கன்னத்தில் அறைந்தார். நீ, "சாரி, நான் பாக்கேல்லை" என்றாய். உண்மையைத்தான் சொன்னாய். அந்த அறையில் அது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அப்பா தெரியாமல் அடித்தார். நான் தெரிந்தும் அடிக்க விட்டேன். ஏழு வருடம், தம்பி. நீ உன்னைக் கவனமில்லாதவன், முட்டாள் என்று நம்பி வளர்ந்தாய். நான் நம்ப விட்டேன். பதினாறு வயதில் நீயே தனியாக டொக்டரிடம் போய், பெயர் தெரிந்துகொண்டு வந்து எங்கள் முன்னால் நின்று சொன்னபோது, நான் முதல்முறை கேட்பவள் போல நெஞ்சில் கை வைத்தேன். அதுவும் நடிப்பு இல்லை. நம் வீட்டுக்குள் ஒருவர் அதைச் சத்தமாகச் சொல்லக் கேட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா? இல்லை. அக்காவின் கலியாணம் வந்தது. பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன், மாப்பிள்ளையின் காலைக் கழுவி மண்டபத்துக்குள் அழைத்துவர வேண்டியவன். நீ கேட்டாய்: "அம்மா, வெள்ளைப் பிரம்போடை தோழனா நிண்டா என்ன?" நான் சொன்னேன்: "ஒரு நாள்தானே தம்பி. மாப்பிள்ளை வீட்டுச் சனம் கதைக்கும். பரம்பரை வருத்தம் எண்டு அக்காவைத்தான் சொல்லுவினம்." நம் வீட்டு நடைபாதையில் ஒரு வாரம் உன்னை ஒத்திகை பார்க்க வைத்தேன். வாசலில் இருந்து எத்தனை அடி, செம்பு எந்தப் பக்கம், மணவறைக்கு எத்தனை படி. கலியாணத்தன்று நீ ஒரு பிழைகூட விடவில்லை. குனிந்து, தண்ணீர் ஊற்றி, கால் கழுவி, மாப்பிள்ளை போடுகிற மோதிரத்துக்கு விரலை நீட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அன்று பெருமைப்பட்டேன்.

போன மாதம் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் சொன்னார்: "மாமி, எனக்கு அண்டைக்கே தெரியும். என்ரை காலைத் தடவித் தேடித்தான் பிடிச்சவர்." பிறகு சொன்னார்: "எங்கடை அம்மாவையள் அறிஞ்சா வீண் கதை எண்டு நானும் பேசாமல் விட்டிட்டன்." அவரும் நம்மவர்தான். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நிற்க, நடுவில் நீ ஈரத் தரையில் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாய். ஒரு நாள் என்று சொன்னது ஒரு நாளோடு முடியவுமில்லை. சம்பந்தி வீடு மனோர் பார்க்கில் என்பதால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிரம்பை வீட்டில் விடச் சொன்னேன். நடைபாதையில் ஏறி வந்த மோட்டார் சைக்கிள் உன் தோள் எலும்பை முறித்ததும் அங்கேதான். அதற்கடுத்த மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கான அரச உதவித்தொகை நேர்காணலுக்கும் பிரம்பில்லாமல், கட்டுப் போட்ட கையோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கதவடியில் நான் கையை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. துணையின்றி நடந்து வந்தார் என்று எழுதி நிராகரித்தார்கள். அவர்களை நான் மாதக்கணக்காகத் திட்டினேன். திட்டியதில் பிழையில்லை. ஆனால் அந்த வரியை எழுதக் கொடுத்தவள் நான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் தாய் என்பதால் வாய் சும்மா இருக்காது. பிரம்பை எங்கேயும் மடித்துப் பைக்குள் வைக்காதே, கோயிலிலும் வைக்காதே, என் செத்த வீட்டிலும் வைக்காதே. முன்னால் இருப்பவர் "ஒன்றுமில்லை, நேரே போ" என்று சொன்னால் அதை அப்படியே நம்பாதே; உன் காது என்ன சொல்கிறது என்று முதலில் கேள். காணாத கொக்கைக் கண்டேன் என்று யாருக்காகவும் சொல்லாதே. உன் தோழிக்கும் சொல்லாதே. காணவில்லை என்று சொன்னால் அவள் மனம் கொஞ்சம் நோகும், நோகட்டும். நோகாமல் பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் உன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டோம். உனக்குப் பிள்ளை குட்டி வேண்டுமா என்று ஒருநாள் நீங்கள் இருவரும் பேசுவீர்கள். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பேசு. மன்னிப்பு என்ற சொல்லை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை என்று கவனித்திருப்பாய். கேட்டால் நீ தருவாய். உன் குணம் அது. அதனால்தான் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அக்காவுக்காக எங்களை ஆஸ்பத்திரியில் பரம்பரை நோய்ப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் அப்பாவிடம் சொன்னேன், ஒன்பது வயதில் இருந்து எல்லாம். அவர் என்னை ஏசவில்லை. வெளியே போய் வானுக்குள் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல், இரண்டு மணி நேரம் இருந்தார். செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் ஓர் இளம்பெண் தாளில் குடும்ப மரம் வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சோடிக்கு நடுவே ஒரு கோடு. உன்னுடைய சதுரத்தை மட்டும் கறுப்பாக நிரப்பினாள். பிறகு அதே கேள்வியைக் கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சொன்னார்: "கசின்ஸ். ஷி இஸ் மை அங்கிள்ஸ் டோட்டர்." அந்தப் பெண் "ஓகே" என்றாள். எனக்கும் அப்பாவுக்கும் நடுவே இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம்.

பதினாறு வருடத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் மகனின் கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, தப்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது என்றாள். அப்பா தாளைப் பார்த்தபடியே தமிழில் கேட்டார்: "நான் அவனுக்கு அடிச்சதை இதிலை எங்கை போடுறது?" அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண் மறுபடியும் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது சொல்வார்கள் என்று எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அப்பாதான் உன்னை வானில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். நான் வரவில்லை, நீ கூப்பிட்டால் வருவேன். ஏறின உடனே அவர் ரேடியோவைப் போடுவார். நீ அதை நிறுத்து. அவருக்கு உன்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. வாயில் வருமோ தெரியாது. எனக்கு வரவில்லை, நீ பார்த்தாய்தானே.

அம்மா